சொட்டு மேஸ்திரி அடைத்த இடைவெளி

"பாலத்துக்கு வயசாயிடுச்சு" என்று என் தம்பி சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் இதை வீட்டில் சொல்லவில்லை. நகரசபைக் கட்டடத்தின் மாடியில், நீள மேசையின் தலைமாட்டில் தலைவியம்மா உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் உறுப்பினர்கள் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருக்க, எழுந்து நின்று கணீரென்று சொன்னான். அவன் பாலங்கள் துறையின் தலைமைப் பொறியாளர். நான் அவனுக்குக் கீழே ஆய்வுப் பொறியாளர். வயதில் நான் மூத்தவள், பதவியில் அவன் பெரியவன். ஆபீஸில் நான் அவனை "சார்" என்பேன், அவன் என்னை "மேடம்" என்பான். வீட்டு வாசலைத் தாண்டினால் அவன் காதைத் திருக எனக்கு முழு உரிமை உண்டு. அன்றைக்கு மாடியிலேயே திருகிவிடலாமா என்று கை பரபரத்தது.

"வளைவோட அடிப்பக்கம் பூரா விரிசல். கான்கிரீட் தன் ஆயுளை முடிச்சிடுச்சு. ரிப்பேர் பண்றதெல்லாம் வீண். மழைக்கு முன்னாடி இடிச்சுட்டா புதுப் பாலத்து வேலையை ஆரம்பிச்சுடலாம்" என்றான்.

தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கேட்ட தொனியிலேயே யாரும் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்ற வேண்டுகோள் இருந்தது.

"நான் சொல்லணும். அவர் சொல்றது பொய்" என்றேன்.

ஒரு உறுப்பினரின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஒரே தாவலாகப் போகும் கான்கிரீட் வளைவு. அதைக் கட்டிய காலத்தில் பாலம் என்றால் கல், இல்லாவிட்டால் இரும்பு. சிமெண்டையும் ஜல்லியையும் பிசைந்து ஊற்றி ஆற்றைத் தாண்டுவதா என்று ஊரே சிரித்திருக்கிறது. "மாவுப் பாலம்" என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றுவரை போகவில்லை, பாலமும் போகவில்லை. கட்டியவர்கள் சும்மா ஆட்கள் இல்லை. கரையோரம் தடிமனாக ஆரம்பித்து, நடு உச்சியில் என் இடுப்பு உயரம்கூட இல்லாத அளவுக்கு மெலிந்து போகும்படி வார்த்திருக்கிறார்கள். என்ன தைரியம்! அடியில் போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தால், கான்கிரீட்டை ஊற்றியபோது தாங்கிய பலகைகளின் ரேகை அப்படியே பதிந்திருக்கும். மரத்தின் கணு விழுந்த இடம்கூடத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கணுக்களைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஆய்வு முடித்ததில்லை. எனக்கு அந்தப் பாலத்தின் மேல் பைத்தியம். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "நீ என்னைவிட அந்தப் பாலத்தைத்தான் அதிகம் தொட்டிருப்ப" என்பார். பொய்யில்லை.

"பொய்னா என்ன அர்த்தம், மேடம்?" தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"விரிசல் இருக்கு சார், இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த விரிசல் காலையில திறக்குது, மத்தியானம் மூடுது. குளிர்ல அகலுது, வெயில்ல சுருங்குது. செத்துப்போன கான்கிரீட் இப்படி மூச்சு விடாது. இந்த வளைவை மூணு இடத்துல கீல் வச்சுக் கட்டியிருக்காங்க. ரெண்டு கரையிலயும் ஒவ்வொண்ணு, நடு உச்சியில ஒண்ணு."

"கதவுக் கீல் மாதிரியா?" என்றார் தலைவியம்மா.

"அதே மாதிரிதான்மா. வெயில்ல கான்கிரீட் உப்பும், வளைவோட உச்சி கொஞ்சம் எழும்பும். குளிர்ல சுருங்கும், உச்சி இறங்கும். அப்படி ஏறி இறங்கத்தான் நடுவுல ஒரு இடைவெளி விட்டிருந்தாங்க. வெயில்ல அந்த இடைவெளியோட மேல்வாய் அகலும், குளிர்ல நெருங்கும். யாரோ அதை சிமெண்ட் வச்சு இறுக்கி அடைச்சுட்டாங்க. இப்ப குளிர் வந்தா அது நெருங்கப் பாக்குது, முடியல. அந்த வேகம் எங்க போகும்? அடிவயித்தைக் கிழிக்குது. அடைச்சதை எடுத்துட்டா பாலம் சரியாயிடும்."

"யார் அடைச்சாங்க? எப்போ? பழைய வரைபடம் ஏதாவது இருக்கா?"

வரைபடமெல்லாம் எந்த வெள்ளத்திலோ போய்விட்டது. யார் அடைத்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். வாழ்க்கையில் எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

தம்பி சட்டென்று, "அப்படி ஒரு இடைவெளி இருந்ததா எங்கயும் பதிவு இல்லம்மா. அடியில போய்ப் பார்த்தாலும் ஒரே பரப்பாத்தான் இருக்கு" என்றான்.

தலைவியம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணுவோம். அதுக்குள்ள ஆதாரம் கொண்டு வாங்க. இல்லேன்னா இடிக்கிறதுதான்" என்று எழுந்துவிட்டார்.

படிக்கட்டில் அவனைப் பிடித்தேன். கீழே தட்டச்சு அறைப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினேன், என் அளவுக்கு.

"டேய், உனக்கு மனசாட்சி இருக்கா? எங்கயும் பதிவு இல்லையாம்! நீயும் நானும் அங்க நின்னு தேடினோமே, மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. அதனாலதான் சொல்றேன்" என்றான். முகம் வெளுத்திருந்தது. "அடைச்சது அப்பான்னு நீ அங்க சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஊரோட பாலத்தை ஒடைச்சவர்னு அவரைச் சொல்லுவாங்க. இந்த வயசுல அவருக்கு இருக்கிறது அந்த ஒரு பேருதான். அதையும் பிடுங்கணுமா? பாலம் போனா இன்னொரு பாலம் வரும்க்கா."

அவன் அப்பாவுக்காகத்தான் பொய் சொன்னான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் குறையவில்லை, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

எங்கள் அப்பா அந்தத் துறையில் பராமரிப்பு மேஸ்திரியாக இருந்தவர். அவருக்கு ஊர் வைத்த பெயர் சொட்டு மேஸ்திரி. அந்தப் பெயர் வந்த கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டு எழுந்ததில்லை. ஒரு காலத்தில் மழை பெய்தால் பாலத்தின் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டுமாம். படகில் போன ஒரு பெரிய அதிகாரியின் வழுக்கைத் தலையில் அது சரியாக விழ, அவர் தாம்தூம் என்று குதிக்க, அப்பாவைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அரைகுறையாக எதையும் செய்ய மாட்டார். கொளுத்தும் வெயில் மாதமாகப் பார்த்து, இடைவெளி வாய் பிளந்து நிற்கும்போது, தண்ணீர் குறைத்துப் பிசைந்த கலவையைத் திணித்துத் திணித்து, கட்டையை வைத்து அடித்து இறுக்கினார். வருடா வருடம் போய்ப் பார்த்து, மயிரிழை தெரிந்தாலும் மறுபடி அடித்தார். அடியில் பலகை ரேகைகூட விட்டுப்போகக் கூடாதென்று, ஒரு பழைய மரப்பலகையை ஈரப்பூச்சில் அழுத்தி ரேகை எடுத்தார். பிறகு எங்கள் இருவரையும் மணல் திட்டில் நிறுத்தி, "எங்க அடைச்சேன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்பார். எங்களால் ஒரு தடவைகூட முடிந்ததில்லை. பின்னால் வந்த எந்த இன்ஜினியராலும் முடியவில்லை. தார் போட்டு மேலேயும் மூடிவிட்டார்கள். இப்படித்தான் அங்கே ஒரு கீல் இருப்பதே உலகத்துக்கு மறந்து போயிற்று.

அப்பா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். ஓய்வு பெற்றாலும் அந்தக் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகாது, சரி. குளியலறை ஜன்னலையும் திறக்க முடியாது. சாரல் வருகிறது என்று அதையும் அடைத்துவிட்டார். "உங்கப்பா ஒருநாள் என் வாயையும் அடைச்சுடுவாரு" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த மனிதரிடம் போய் நான் இதைச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. அவர் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே தலையை விட்டுக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பாலத்தை இடிக்கப் போறாங்க."

"கேள்விப்பட்டேன். படிச்ச பசங்களுக்கு இடிக்கத்தான் தெரியும்." தலை உள்ளேயே இருந்தது.

"விரிசல் விட்டது நீங்க அடைச்சதாலப்பா."

திருகும் சத்தம் நின்றது. மெதுவாக வெளியே வந்தார். வழுக்கைத் தலையில் ஒட்டடை ஒட்டியிருந்தது. நான் விளக்கினேன். தலைவியம்மாவுக்குச் சொன்ன அதே கதவுக் கீல். அவர் முகம் சிவந்துகொண்டே போயிற்று.

"நான் அடைச்ச பிறகு ஒரு சொட்டு இறங்கியிருக்கா? சொல்லு. ஒரே ஒரு சொட்டு?"

"இல்லப்பா. அதுதான் பிரச்சினையே."

"நல்லா அடைச்சது பிரச்சினையா? என்னடி பேசற பெரியவளே! ஒழுங்கா வேலை செஞ்சவன் குத்தவாளி, ஓட்டை விட்டவன் மகாராஜனா?" கையிலிருந்த ஸ்பேனரைத் தொட்டிக்குள் வீசினார். ஒரு டம்ளர் நசுங்கியது. "உன் படிப்பைத் தூக்கிக் குப்பையில போடு!"

"போடறேன். அதுக்கு முன்னாடி நாளைக்கு என்கூட வந்து நீங்களே பாருங்க. நான் சொன்னது தப்புன்னா உங்க கால்ல விழறேன்."

"விழ வேண்டிவரும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் பாலத்தடிக்குப் போனோம். கோடையில் ஆறு ஒதுங்கி ஓடுவதால் நடுவில் மணல் திட்டு தெரியும். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி அவருக்குப் போட்டேன். ஆய்வு வண்டியின் நீண்ட கையில் ஒரு தொட்டி இருக்கும். அதில் ஏறித்தான் வளைவின் அடியைத் தொட முடியும். அப்பாவுக்கு இடுப்புக் கயிறு மாட்டி ஏற்றினேன். என் கருவிகளை அவர் நம்ப மாட்டார் என்று தெரியும். "எதை வச்சுப் பாக்கணுமோ நீங்களே பாருங்க" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சவர பிளேடை எடுத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார், கள்ளன்.

பெரிய விரிசலில் பிளேடை வைத்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

"சரி, விரிசல் இருக்கு. அதுக்கென்ன?" என்றார்.

"உட்காருங்க. மத்தியானம் பாப்போம்."

உட்கார்ந்தார். டீ வந்தது, குடிக்கவில்லை. வெயில் ஏறியது. பாலத்தின் மேல் போக்குவரத்தை எப்போதோ நிறுத்திவிட்டதால் ஒரு சத்தமும் இல்லை. அவர் அண்ணாந்து, தான் அடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்றைக்கும் அந்த இடம் தெரியாது. அவருக்குத் தெரியும்.

வெயில் நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி ஏறினோம். அதே விரிசல், அதே இடம். பிளேடு போகவில்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அழுத்தினார். பிளேடு வளைந்து, சட்டென்று ஒடிந்து கீழே விழுந்தது.

தொட்டி கீழே இறங்கத் தொடங்கும்வரை அப்பா வளைவின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் தோள் குலுங்கியது. என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் மணலில் உட்கார்ந்து நானும் அழுதேன். அவரைப் பார்க்க அவ்வளவு பாவமாக இருந்தது, அவர் மேல் அவ்வளவு கோபமாகவும் இருந்தது.

"கழுத்தை நெரிச்சிருக்கேன்டி. வருஷா வருஷம் வந்து நெரிச்சிருக்கேன்" என்றார்.

"தெரியாம செஞ்சதுதானேப்பா."

"சின்னவனுக்கு இது தெரியுமா?"

"தெரியும். உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் வயசாயிடுச்சுன்னு சொல்றான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் பார்வை ஸ்பேனரை வீசிய மனிதரின் பார்வை. "அடுத்த கூட்டம் எப்போ?" என்று கேட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு அவர் கூப்பிடாமலே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தேய்த்துக் கழுவிய கை. வாசல் காவலாளி தடுத்ததற்கு, "இந்தக் கட்டடத்துக் கூரையை ஒழுகாம வச்சவன்டா நான், தள்ளு" என்று சொல்லிவிட்டு நேரே மாடிக்கு ஏறி வந்துவிட்டார். தம்பி அவரைப் பார்த்ததும் பாதியில் எழுந்து, "அப்பா, வேணாம்பா" என்றான்.

"நீ உட்காருடா" என்றார் அப்பா. தலைமைப் பொறியாளர் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க யாரு?" என்றார் தலைவியம்மா.

"சொட்டு மேஸ்திரி. ஆதாரம் கேட்டீங்களாமே, வந்திருக்கேன். பாலத்து நடுவுல இடைவெளி இருந்துச்சு. நான்தான் அடைச்சேன். வெயில் காலத்துல, வாய் பிளந்து நிக்கும்போது பாத்து, கருங்கல்லா அடைச்சேன். ரேகை எடுத்து மறைச்சேன். எந்த இடம்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

ஒரு உறுப்பினர் பக்கத்திலிருந்தவரிடம், "இவரா பாலத்தை ஒடைச்சது?" என்று காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா, நான்தான்!" அப்பா மேசையில் ஓங்கித் தட்டினார். தேநீர்க் கோப்பைகள் துள்ளின. "நல்லா கேட்டுக்குங்க, இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். தப்பு என்னோடது. அதோ சுவத்துல படமா தொங்குறாரே, அந்தப் பெரிய இன்ஜினியர், அவரு வந்து பாத்து என் முதுகைத் தட்டி, 'ஓட்டை இருந்த இடமே தெரியல மேஸ்திரி'ன்னாரு. அவருக்கும் அது கீலுன்னு தெரியல, எனக்கும் தெரியல. சரி, தெரியாம செஞ்சோம். தெரிஞ்ச பிறகு என்ன செய்யப் போறீங்க? மாவுப் பாலம் நிக்காதுன்னு அன்னிக்கு ஊரே சொல்லுச்சு, நின்னுச்சு. நான் கழுத்தை நெரிச்சேன், அப்பவும் நின்னுச்சு. இன்னும் நிக்குது. அதுக்கு வயசாயிடுச்சாம், இடிக்கணுமாம்! எனக்குந்தான் வயசாயிடுச்சு. வாங்க, என்னை இடிங்க பாக்கலாம்!"

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது.

"ஏன்டா சின்னவனே, என் பேரைக் காப்பாத்த ஒரு பாலத்தையே இடிப்பியா? அப்படி இடிச்சுத்தான் நிக்கணும்னா அந்தப் பேரு எனக்கு எதுக்குடா?"

தம்பி எழுந்தான். "மேடம் சொன்னது சரி" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா சொன்னது சரிம்மா. அந்த இடைவெளி இருந்தது எனக்கும் தெரியும். போன கூட்டத்துல மறைச்சேன். அதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏத்துக்கறேன். ஆனா அந்த அடைப்பைப் பிரிச்சுப் பாக்க அனுமதி குடுங்க."

தலைவியம்மா கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க குடும்பத்துச் சண்டையில என் நகரசபை மாட்டிக்கிச்சு" என்றார் கடைசியில். "அடைச்சதை எடுங்க. எடுத்துட்டு, லோடு லாரிங்களை நடுவுல நிறுத்திக் காட்டுங்க. ஒரே ஒரு புது விரிசல் விழுந்தாலும் மறுபேச்சு இல்ல, இடிச்சுடுவேன். உங்களைப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம், சார்."

அது போதும் எனக்கு.

வெட்டும் வேலையை நண்பகலுக்கு மேல்தான் வைத்தோம். வெயிலில் உச்சி எழும்பி, இடைவெளியின் மேல்வாய் அகலும்போது அடைப்பின் மேல் அழுத்தம் இருக்காது. குளிரில் வெட்டினால் திடீரென்று விடுபட்டு எங்கே குதிக்கும் என்று சொல்ல முடியாது. அப்பா சாக்பீஸால் கோடு போட்டார், ஒரு விரல்கூடப் பிசகாமல். முதலில் பக்கவாட்டில் சிறு துளை போட்டுக் கேமராவை விட்டோம். தம்பியும் நானும் சின்னத் திரையின் முன் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே தெரிந்தது. ஒரு பக்கம் குழிவாகவும் மறு பக்கம் குமிழாகவும் வார்த்த இரண்டு கான்கிரீட் முகங்கள், நடுவில் ஈயத் தகடுகள், எல்லாம் வைத்தது வைத்தபடி.

"அடப்பாவிங்களா, எவ்வளவு அழகா செஞ்சு வச்சிருக்காங்க!" என்றான் தம்பி. தலைமைப் பொறியாளர் பேசுகிற பேச்சா அது? எனக்கு அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மேலே தாரைச் சுரண்டிவிட்டு ரம்பக்காரர் வட்ட ரம்பத்தை இறக்கினார். அது திணறியது. பற்கள் தேய்ந்துபோக, வேறு ரம்பம் மாற்றினார், மறுபடியும் திணறியது. "யாருங்க இதை அடைச்சது? இரும்பா இருக்கே!" என்று அவர் சலித்துக்கொண்டபோது அப்பா மார்பை நிமிர்த்தியதை நான் பார்த்தேன். முதல் கட்டி வெளியே வந்ததும் குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அது எதுக்குப்பா?"

"தப்பான இடத்துல செஞ்சது. ஆனா நல்ல வேலைடி" என்றார்.

கடைசித் துண்டும் வந்த பிறகு பாலம் ஒன்றும் செய்யவில்லை. சத்தமில்லை, அசைவில்லை. மறுநாள் விடியலில் மேலே போய்ப் பார்த்தபோது இடைவெளி முந்தின நாளைவிட நெருங்கியிருந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அது தன் இஷ்டத்துக்கு இறங்கியிருக்கிறது. அடியில் தொட்டியில் ஏறி, அப்பா புது பிளேடை அதே விரிசலில் வைத்தார். குளிர்ந்த காலை, வழக்கமாக அகலும் நேரம். பிளேடு போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் அந்தத் தொட்டியில் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

தண்ணீரைத் தடுக்க இடைவெளியில் பொருத்த வேண்டிய, அமுங்கி விரியும் ரப்பர் பட்டை வருவதற்குள் லாரிச் சோதனை வந்துவிட்டது. அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டிருந்தது. கரையில் தலைவியம்மா, உறுப்பினர்கள், பாதி ஊர். ஜல்லி ஏற்றிய லாரிகள் இரண்டு முனையிலும் உறுமிக்கொண்டு நின்றன. எல்லாரையும் பாலத்தடியிலிருந்து விலக்கிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், டீக்கடை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பா மணல் திட்டில் நடந்து போகிறார். நேரே உச்சிக்குக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடினேன். "அப்பா, எந்திரிங்க! இது விதிமுறை இல்ல. யாரும் அடியில இருக்கக் கூடாது."

"விதிமுறையா? நான் அடைச்சது விதிமுறைப்படிதான். போடி."

"எந்திரிக்கப் போறீங்களா இல்லையா?"

"மாட்டேன். விழுந்தா என் மேல விழட்டும். விழாது."

என்ன செய்வது சொல்லுங்கள். அவர் பெண்தானே நானும். மணலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கரையில் கூச்சல் கிளம்பியது. தம்பி வாக்கி-டாக்கியோடு, பளபளக்கும் ஷூ மணலில் புதையப் புதைய ஓடி வந்தான். எங்களை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்தான் என்று முகமே சொன்னது. எங்கள் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. அண்ணாந்து வளைவைப் பார்த்தான். அப்புறம் எங்களைப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே அச்சு!" என்று திட்டிக்கொண்டே ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனான். "லாரிங்களை விடுங்க" என்றான்.

லாரிகள் வந்தன. தலைக்கு மேலே கடகடவென்று நகர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நடுவில் வந்து நின்றன. தம்பி என் கையைப் பிடித்திருந்தான். ஓரத்தில் வைத்த அளவுகோல்களின் எண்களை ஆய்வு வண்டியிலிருந்து ஒரு குரல் வாக்கி-டாக்கியில் படித்துக்கொண்டே வந்தது. உச்சி நாங்கள் கணக்குப் போட்டு வைத்த அளவுக்கு இறங்கியது, அதற்கு மேல் இறங்கவில்லை. லாரிகள் நகர்ந்ததும் இருந்த இடத்துக்கே திரும்பியது. "புது விரிசல் எதுவும் இல்ல சார்" என்றது குரல். "பழசுகூட திறக்கல."

கரையில் யாரோ விசில் அடித்தார்கள். தலைவியம்மா கை தட்டுவது தெரிந்தது.

அப்போதுதான் மழை பிடித்தது. பெரிய பெரிய துளிகளாகச் சடசடவென்று. மேலே சாலையில் விழுந்த தண்ணீர் இடைவெளியைத் தேடி வந்தது. ஈயத் தகடுகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து, வளைவின் அடியில் ஒரு கணம் தொங்கி, பொட்டென்று அப்பாவின் வழுக்கைத் தலையில் விழுந்தது.

அப்பா துடைக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். இன்னொரு சொட்டு நெற்றியில் விழுந்து மூக்கு வழியாக இறங்கியது. அவருடைய வலது கை தானாகவே பக்கத்து மணலை அள்ளிப் பிசைய ஆரம்பித்திருந்தது.

"அப்பா, அடுத்த வாரம் ரப்பர் பட்டை வந்துடும்" என்றான் தம்பி அவசரமாக. "அப்புறம் சொட்டாது."

அப்பா கையிலிருந்த மணலைப் பார்த்தார். விரல்களைத் திறந்து கீழே விட்டார்.

"சொட்டட்டும் விடுடா" என்றார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.